கூரைக்குக் கீழே வராத நிழல்

சாளைத்துறையின் புதிய மீன்சந்தைக்குக் கூரை இருந்தது, கூரைக்கு நிழலும் இருந்தது, ஆனால் கூரைக்குக் கீழே நிழல் இல்லை. திறப்புவிழாவன்று நாடாவை வெட்டி உள்ளே நுழைந்த பெரியவர்கள் முதலில் கண்ணைச் சுருக்கினார்கள், பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உரையாற்றி முடித்தார்கள்; ஏனெனில் தலைக்கு மேலே கனத்த தகடு வேய்ந்த கூரை இருக்க, அது இல்லவே இல்லை என்பதுபோல் வெயில் இறங்கி வந்து, வெள்ளை ஓடு பதித்த மேடைகளைத் தோசைக்கல்லாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கூரையின் நிழலோ, தூணும் உத்தரமும் விளிம்பில் ஓடும் மழைநீர்க் குழாயும் ஒன்றும் குறையாமல், கூப்பிடு தூரத்தில், படகுகளை இழுத்துப் போடும் வெறும் மணலில், மேலே ஒன்றுமில்லாத ஆகாயத்தின் கீழே விரிந்து கிடந்தது.

வடக்குத் தெருவார் இதைச் சொல்லும்போது, நிழல் முதலில் கூரைக்குக் கீழேதான் இருந்தது, நாடா வெட்டிய பிறகே எழுந்து போயிற்று என்பார்கள். தெற்குத் தெருவார், அது ஒருநாளும் அங்கே இருந்ததில்லை, சாரம் பிரித்த அன்றே கொத்தனார்கள் கண்டுகொண்டு, வேலை நின்றுவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை என்பார்கள். இரண்டு பாடங்களும் ஒன்றுபடும் இடம் ஒன்றுதான்: மீன் விற்கும் பெண்கள் அதைக் கண்டு வியக்கவில்லை. அவர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நிழல் கிடந்த மணலுக்குப் போய், காலங்காலமாக வெயிலில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் நிழலில் உட்கார்ந்து, "சாளை, சாளை" என்று கூவத் தொடங்கினார்கள்.

ஊரும் அப்படியே பழகிக்கொண்டது. தேநீர்க்கடை அந்தோணி தன் அடுப்பைக் கிழக்குத் தூணின் நிழலுக்குள் நகர்த்தினான். தூண் நிழல் ஒல்லியானது என்பதால், அடுப்புக்கும் அவனுக்கும் ஒரே சமயத்தில் இடம் போதாமல், பால் கொதிக்கும்போது அவன் வெயிலில் இருந்தான், அவன் இளைப்பாறும்போது பால் வெயிலில் இருந்தது. வலை பின்னும் ஆண்கள் நிழலின் ஓரத்தைக் கேட்டுப் பெற்றார்கள். ஆடுகள் கேட்காமலே பெற்றன. மழை தூறிய அன்று சந்தை மண்டபத்துக்குள் தண்ணீர் தேங்கியது, மணலில் இருந்தவர்கள் நனையவில்லை. மண்டபத்துக் காவலாளிக்கு யாரோ இரக்கப்பட்டுக் குடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பங்குத் தந்தையிடம் இது கடவுள் செய்த புதுமையா, அவர் வைத்த சோதனையா என்று கேட்டபோது, நிழலைப் பற்றித் தமக்கு மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை என்றும், அதில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் ஏசாமலிருந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். மீன்வளத் துறையின் அதிகாரி வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்து, கட்டடத்தில் "சிறிய திசைப் பிழை" இருப்பதாகத் தீர்மானித்தார்.

ஆனால் நிழலுக்குக் குழாய் கிடையாது, வடிகால் கிடையாது, பனிக்கட்டி அறை கிடையாது. மண் ஒட்டிய மீனைக் கழுவக் கடலுக்கும் மணலுக்கும் நடந்தே அந்தப் பெண்களின் கால் வெடித்தது. அந்தத் தண்ணீருக்காகத்தான் அவர்கள் மனு மேல் மனு கொடுத்து மண்டபத்தைக் கேட்டார்கள். இப்போது துறை சொன்னது: மாதா திருவிழாவுக்கு முன்னால் வியாபாரம் மண்டபத்துக்குள் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் மண்டபம் இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகும், அதனோடு குழாயும் போகும், அதைச் சுற்றி வேலியும் வரும், வேலி மணல்வரைக்கும் வரும். ஆகவே சந்தையை வரைந்தவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் பெயர் மந்தாகினி. தான் எஞ்சினியர் அல்ல, கட்டடக் கலைஞர் என்று சாளைத்துறையில் சில காலம் திருத்திப் பார்த்து, பிறகு எஞ்சினியரம்மா என்ற பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டவள். மக்களுக்காக வரையக் கூடாது, மக்களோடு வரைய வேண்டும் என்று சென்னையில் மேடைதோறும் பேசியவள். பேசும்போது பின்னால் எப்போதும் ஒரு படம் விரியும். கோயில் வளாகத்தில் நடந்த கலந்தாய்வு முடிந்து, ஒலிபெருக்கி கழற்றப்பட்டு, நாற்காலிகள் அடுக்கப்பட்ட பிறகும், சாளைத்துறையின் பெண்கள் அத்தனை பேரும் தரையில் எழாமல் உட்கார்ந்திருக்கும் படம். 'எழ மனமில்லாதவர்கள்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அந்தப் படத்துக்காகவே அவளுக்கு ஒரு விருதும் கிடைத்திருந்தது.

அவள் வந்து இறங்கியபோது முதலில் தன் கூரையைப் பார்த்தாள், பிறகு அதன் நிழலைப் பார்த்தாள், பிறகு இரண்டுக்கும் நடுவே இருந்த மணலைக் கடந்து நடந்தாள். கணுக்கால்வரை சுட்டது.

"வாங்க எஞ்சினியரம்மா, வெயில்ல நிக்காதிய. இந்தா, உங்க நெழல்லதான் உக்காந்திருக்கோம்" என்றாள் சவேரியம்மாள். விற்கும் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி அவள். பெருத்த உடம்பு, சிறுத்த குரல்.

அவளுடைய நாத்தனார் பிரகாசி கையிலிருந்த சாளையை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "அவிய கட்டுன மண்டபத்துலயே நிக்கச் சொல்லு மயினி. கருவாடு காயப்போட எடமில்லன்னு அலைஞ்சோம்லா, எவ்வளவு சவுரியமாப் போச்சு!"

சிரிப்பு கிளம்பியது. மந்தாகினியும் சிரித்தாள், சிரிக்கிறவர்களோடு சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவள் தொழிலில் கற்றது. தடுப்புகள் வைக்கலாம், கூரையின் சாய்வை மாற்றலாம், எப்படியும் சரிசெய்துவிடலாம் என்றாள். பிறகு அவர்கள் மனம் குளிரட்டும் என்று, உண்மையாகவே நெகிழ்ந்து, சொன்னாள்: "அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சப்புறமும் ஒருத்தர்கூட எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தீங்களே, அந்த ஆர்வத்தை நான் எங்கே போனாலும் சொல்றேன்."

கூவிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பிரகாசி தன் மயினி சவேரியம்மாளின் முழங்காலில் தட்டினாள்.

"ஏ மயினி, ஆர்வமாம்லா!"

மறுபடி எழுந்த சிரிப்பு, சவேரியம்மாள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு வரிசை வரிசையாக அடங்கியது. அவள் மீன் நீர் சொட்டும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க ஊர்ல வந்தவுக மொகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மாட்டோம்மா. பொண்ணு கேட்டு வந்தாலும் சரி, வலைப்பங்கு பேச வந்தாலும் சரி. சம்மதம்னா எந்திச்சுப் போயிருவோம். மனத்தாங்கல்னா எந்திக்க மாட்டோம். கூட்டம் கூட்டுனவுக திரும்பி வந்து எதுத்தாப்புல உக்காந்து என்னன்னு கேக்கணும். அன்னைக்கு வெளக்கு வைக்கிறமட்டும் இருந்தோம். நீங்க படம் எடுத்துட்டுக் கார்ல ஏறிட்டிய."

வெட்கம் ஒருவரிடம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதில் சொல்வோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மந்தாகினிக்கு அது காதில் தொடங்கியது. காது சுட்டது, கழுத்து சுட்டது, நிழலுக்குள் நின்றும் உள்ளங்கால்வரை சுட்டது. எத்தனை மேடைகளில், எத்தனை கைதட்டல்களுக்கு நடுவே, ஓர் ஊர் முழுதும் அவளிடம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவள் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறாள். எனக்கு உங்கள் வழக்கம் தெரியாதே என்று சொல்ல வாய் வந்தது. அந்தச் சொல் அவளைக் காப்பாற்றியிருக்கும். அவள் அதை விழுங்கினாள், ஏனெனில் அது பொய்யல்ல என்றாலும் உண்மையும் அல்ல. கூட்டம் நடந்த அன்று வரைபடம் ஏற்கெனவே ஒப்புதலாகித் துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களிடம் அவள் கொண்டுவந்தது கூரைக்கான இரண்டு தகட்டுத் துண்டுகள், ஒன்று நீலம், ஒன்று பச்சை. எது வேண்டும் என்று கேட்டு, கைகளை எண்ணி, நீலம் என்று முடித்தாள். அவர்கள் எதிரே போய் உட்கார்ந்து என்ன மனத்தாங்கல் என்று அவள் கேட்டிருந்தால், அவர்கள் சொன்னதை வைக்க அந்த வரைபடத்தில் இடமே இருந்திராது.

இன்னொன்றும் அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பெண் இருந்தாள். ஒரு பலகையில் அமர்ந்து, கையை உயர்த்தி, வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தின் அமைதியைக் கெடுத்ததால் மந்தாகினி அந்த ஓரத்தை வெட்டிவிட்டாள்.

அவள் மணலில் உட்கார்ந்தாள். "என்ன மனத்தாங்கல்?" என்று கேட்டாள்.

"இப்பக் கேட்டா?" என்றாள் பிரகாசி. "நேத்தைய மீனக் கழுவுனா வாசம் போயிருமா?"

"போகாது" என்றாள் மந்தாகினி. "இருந்தாலும் கேட்கிறேன்."

அதற்கு மேல்தான் அவர்கள் பேசினார்கள், பேசத் தொடங்கிய பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. படகுகள் கடலில் இருக்கும்போது இந்த ஊரில் எந்தப் பெண்ணும் கடலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். மண்டபத்து மேடைகளோ சாலையைப் பார்த்து, கடலுக்குப் புறம் காட்டிக் கிடந்தன. தலையில் கூடையோடு படியேற முடியாது. மேடையின் அகலத்துக்குக் காலை நீட்டினால் அடுத்தவள் மீனில் போய் முட்டும். மந்தாகினி வரைதாளை எடுக்கவில்லை; கூடைகளைத் தூண்களாக வைத்து, துடுப்புகளை மேடைகளாகப் போட்டு, வடிகாலுக்குக் கயிற்றை ஓடவிட்டு, மணலிலேயே அவர்கள் இன்னொரு சந்தையை வைத்தார்கள், கலைத்தார்கள், மறுபடி வைத்தார்கள். அது அழகான காட்சியாக இருந்தது என்று சொல்வோர் அங்கே இல்லாதவர்கள். ஒருத்தி வாசலருகே இடம் கேட்க, எல்லோரும் வாசலருகே கேட்டார்கள். பிரகாசி, மயினியின் பக்கத்தில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து, கிடைத்ததும் வேண்டாம் என்றாள். சொன்னது பலதும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தது. சிலது வெறும் தவறாகவே இருந்தது, வடிகாலை மேட்டுப்பக்கம் ஓடவிட்டதுபோல. மந்தாகினி அதைச் சொன்னாள், அவர்கள் அவளை ஏசினார்கள், பிறகு தண்ணீரை ஊற்றிப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

ஓர் இடம் முடிவாகும்போதெல்லாம் நிழல் கொஞ்சம் நகர்ந்தது. "நெழல் போவுது, கூடையத் தள்ளி வைளா" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் தொடர்ந்தார்கள். அதற்காக யாரும் பேச்சை நிறுத்தவில்லை. மணலில் முடிவானதை மண்டபத்தில் கொத்தனார்கள் செய்தார்கள்: படிகளை உடைத்தார்கள், மேடைகளைத் தாழ்த்திக் கடல் பக்கம் திருப்பினார்கள், கடலை மறைத்த பின்சுவரை இடுப்பளவுக்கு இறக்கினார்கள். அந்தோணி தன் அடுப்பைத் தூண் நிழலின் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போனான். இப்படியாக நிழல் மணலைக் கடந்து, மண்டபத்துக்குள் நுழைந்து, தூண் தூணோடும் உத்தரம் உத்தரத்தோடும் பொருந்தி, தன் கூரைக்குக் கீழே வந்து படுத்தது.

முழுதும் வரவில்லை. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு துண்டு மட்டும் மணலிலேயே கிடந்தது. அதே அளவுக்கு மண்டபத்தின் நடுவே வெயில் பொத்தலாக விழுந்தது, சவேரியம்மாள் தனக்கென்று வைத்துக்கொண்ட இடத்தின் மேல், சரியாக.

மணலில் கிடந்த துண்டில் தெரசாள் உட்கார்ந்து வாளை மீனின் தலையை அரிந்துகொண்டிருந்தாள்.

விற்கும் பெண்கள் விற்பார்கள்; வாங்கியவர்களுக்கு மீனை வெட்டி, செதிள் உரசிக் கொடுப்பவள் தெரசாள். சிறு வயதிலேயே கால்கள் சூம்பிப் போனதால் சக்கரம் வைத்த பலகையில் அமர்ந்து, கையால் தரையை உந்தி நகர்வாள். அவள் நாக்கு அவள் அரிவாள்மனையைவிடக் கூர்மையானது என்று பெயர். கூட்டத்தில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்ற ஊர் வழக்கத்தை அவள் மதித்ததில்லை, செதிள் பறந்து வாங்குபவர் உடையில் ஒட்டுகிறதே என்று சொன்னவரை ஏழு தலைமுறைக்கும் இழுத்து ஏசியிருக்கிறாள். நிழல் மணலில் விழுந்த நாள் முதல் அவள் அதன் ஓரத்தில்தான் இருந்தாள். கூடைகளும் துடுப்புகளும் அவள் கண்ணெதிரே வைத்துக் கலைக்கப்பட்டன. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"நீ கூப்பிட்டிருப்பன்னு நெனச்சேன் மயினி" என்றாள் பிரகாசி.

"நான் நீ கூப்பிட்டிருப்பன்னு" என்ற சவேரியம்மாள் அதை முடிக்கவில்லை. பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றுகொண்டார்கள், தான் முதலில் நிற்பதாக இருக்கக் கூடாதென்று. மந்தாகினிக்கு அந்த நிலை நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததில் ஆறுதல் ஏதும் இல்லை. அவர்களாவது மறந்தார்கள். இவளோ கண்டும், படத்திலிருந்து வெட்டி எடுத்தாள்.

அவளே மணலில் இறங்கிப் போனாள். எதிரே உட்கார்ந்து, படத்தில் செய்ததைச் சொன்னாள். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

தெரசாள் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "வாயத் தொறந்திருந்தனோ?"

"ஆமா."

"என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"தெரியல."

"எனக்கும் இப்ப நெனவில்ல" என்றாள் தெரசாள். "அன்னைக்கு இருந்துச்சு. போயிருச்சு."

மந்தாகினி, சந்தையில் உங்களுக்கு என்ன வேண்டும், எங்கே வேண்டும் என்று கேட்டாள். தெரசாளுடைய கை அரிவாள்மனையில் நின்றது. அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்துப் பின்னால் நின்றவர்கள் மூச்சைப் பிடித்தார்கள்.

"தெரியாது" என்றாள். "இத எங்கிட்ட யாரும் கேட்டதில்ல. கேப்பாகன்னு தெரிஞ்சிருந்தா யோசிச்சு வச்சிருப்பேன். இனித்தான் யோசிக்கணும்."

அவள் யோசித்தாள். மீன் வெட்டிக்கொண்டே யோசித்தாள், பலகையை உந்திக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் யோசித்தாள், நிழல் துண்டு அவளோடு போய் அவளோடு வந்தது. திருவிழாக் கொடி ஏறும் நாள் நெருங்கியது. "ஏட்டி தெரசா, ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையேன், குழாய் பக்கத்துல இருக்கேன்னு சொல்லு, வாசல்ல இருக்கேன்னு சொல்லு" என்று பிரகாசி கெஞ்சினாள். "நீங்க எத்தனை நாளு சண்டை போட்டிய? நான் ஒருத்தி, எனக்கு அத்தனை நாளும் வேணும்லா" என்றாள் தெரசாள். அவளை அப்படியே பலகையோடு தூக்கி மண்டபத்துக்குள் வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். சவேரியம்மாள் சொன்னவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அன்றோடு நின்றது.

யோசித்து முடிக்கும் முன்பே அதிகாரி வந்துவிட்டார். ஜீப்பில் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆளும் இருந்தார், வேலிக்கு அளவெடுக்க. மண்டபத்தில் பெண்கள் கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், குழாயில் தண்ணீர் வந்தது, நடுவே வெயில் பொத்தலுக்குள் சவேரியம்மாள் வேர்த்து வழிந்துகொண்டு, கண்ணை மூடாமல் அமர்ந்திருந்தாள்.

"நல்லது" என்றார் அதிகாரி. "அந்த ஓட்டையை மட்டும் தகடு வச்சு அடைச்சுட்டா முடிஞ்சது. முடிஞ்சதுன்னு நீங்க சொல்லிட்டா நான் எழுதிடறேன் மேடம்."

ஒரு சொல் போதும். பெண்கள் அத்தனை பேரும் மந்தாகினியைப் பார்த்தார்கள், அந்தச் சொல்லை அவள் சொல்ல வேண்டும் என்று. தெரசாள் மட்டும் பார்க்கவில்லை. முன்பு ஒருமுறை இதே கட்டடத்தைப் பற்றி, எல்லோரும் சேர்ந்து முடித்தது என்று மந்தாகினி சொல்லியிருக்கிறாள். அப்போது அது எவ்வளவு எளிதாக வாயில் வந்தது என்பதுதான் இப்போது அவளைத் தடுத்தது.

"முடியலை சார்" என்றாள் மந்தாகினி. "வரையறவங்கள்ல ஒருத்தர் இன்னும் யோசிச்சுட்டிருக்காங்க."

"யார்?"

அவள் மணலைக் காட்டினாள். கம்பெனி ஆள் சிரித்தார். பிரகாசி தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஜீப்பின் நிழலில் ஒதுங்கி நின்று, அந்த நிழல் நகரும்வரைதான் தம்மால் காத்திருக்க முடியும் என்றார். பெண்கள் யாரும் தெரசாளை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த வாய் துடித்ததை அவர்கள் பல்லைக் கடித்து அடக்கியது, இருபுறத்துத் தெருவாரும் ஒன்றுபோலவே சொல்லும் செய்தி.

தெரசாள் அரிவாள்மனையைக் கழுவினாள், மடியில் வைத்தாள், கையால் மணலை உந்தினாள். நிழல் துண்டு அவள் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் அவளோடு ஊர்ந்தது. படியில்லாத வாசலில் பலகை தடுக்காமல் ஏறியது. அவள் குழாயைத் தாண்டிப் போனாள், வாசலருகே நிற்கவில்லை, நடுவுக்கும் போகவில்லை; இடுப்பளவு இறக்கிய பின்சுவரின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க எல்லாரும் கடலப் பாக்கிய" என்றாள். "ஒங்க ஒசரத்துக்கு இந்தச் செவரு இடுப்பு. எனக்கு இது நெத்தி. எந்தம்பியும் இன்னைக்குக் கடலுக்குத்தான் போயிருக்கான்."

சவேரியம்மாள் வெயிலிலிருந்து எழுந்து, கடப்பாரை எங்கே என்று கேட்டாள். சுவர் தெரசாளின் கண்ணுக்குக் கீழே இறங்கும்வரை உடைத்தார்கள், முழுச் சுவரையும், அவள் முன்னால் இருந்த பகுதியை மட்டுமல்ல. கல் விழ விழப் பொத்தல் சுருங்கியது. கடல் அவளுக்குத் தெரிந்தபோது மண்டபத்துக்குள் வெயில் இல்லை. அதிகாரி உள்ளே வந்து, நெற்றியைத் துடைத்து, குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். கம்பெனி ஆள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

கூவல் தொடங்கியது. சாளை, வாளை, காரல் என்று குரல்கள் மேலே எழுந்து கூரையில் முட்டின. தெரசாளுடைய மனையில் முதல் மீன் விழுந்தது. மந்தாகினி வாசலில், நிழலுக்கு ஒரு கை வெளியே, கிளம்பலாமா என்று தயங்கி நின்றாள்.

"ஏ எஞ்சினியர்" என்று உள்ளேயிருந்து தெரசாள் கூப்பிட்டாள். "எல்லாருக்கும் எங்க எடம்னு யோசிச்சேன். அந்தோணி அடுப்புக்குக்கூட யோசிச்சாச்சு. ஒனக்கு எங்கன்னும் யோசிச்சுப் பாத்தேன்."

"எங்கே?"

"பிடிபடல" என்றாள் தெரசாள், செதிளை உரசிக்கொண்டே. "இன்னும் யோசிக்கேன். நில்லு."

மந்தாகினி நின்றாள்.